சிவப்பு வேரா, வெள்ளை வேரா, அமெரிக்க வேரா: ஜின்செங் வாங்கப் போகுமுன்

டெங்கிக் காய்ச்சல் இறங்கி மூன்று வாரமாகியும் அம்மாவால் பக்கத்துச் சந்தைக்குப் போய்வர முடியவில்லை. பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் சீன ஆன்ட்டி இதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் காலையில், உடம்புக்குப் பலம் ஏற என்று குடிக்கும் கொரியச் சிவப்பு ஜின்செங் வேர்ச்சாறு ஒரு பாட்டில் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தார். கருஞ்சிவப்பாக, தேனைவிடக் கெட்டியாக இருந்தது. நாக்கில் வைத்தால் முதலில் கசப்பு, பின்னால் ஈரமண் வாசனை, கடைசியில் தொண்டையில் மெல்லிய இனிப்பு. காலையும் இரவும் ஒரு சிறு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்துக் குடித்தார் அம்மா. நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து வந்து பார்த்தபோது, சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். களைப்பு அப்படியே இருந்தது, தூக்கம்தான் போயிருந்தது.

பாட்டிலை எடுத்துக்கொண்டு சீன மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பதிவு பெற்ற சீன மருத்துவர் பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை. அம்மாவுக்கு வாய் உலர்கிறதா, இரவில் வியர்க்கிறதா, கைகால் சில்லென்று இருக்கிறதா, உள்ளங்கை எரிகிறதா என்று கேட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், எந்த ஜின்செங் கொடுத்தீர்கள் என்றார். ஜின்செங் என்றால் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தவன் நான்.

அவருடைய கடை அலமாரியில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு வேர்கள் இருந்தன. அவை வில்லையாக, தூளாக, கெட்டிச்சாறாக, மாத்திரையாக என்று வேறு வேறு உருவங்களில் அடுக்கப்பட்டிருந்தன. விலையைப் பார்த்து, பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்கினால் நம் வீட்டுக்குப் பொருந்தாத வேர்தான் பெரும்பாலும் வந்து சேரும். அம்மாவுக்காக நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, வாங்கப் போகிறவருக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல.

ஒரே செடி, இரண்டு நிறம்

சீனர்கள் இதை ரென் ஷென் என்கிறார்கள். ரென் என்றால் மனிதன். முற்றிய வேர் அடியில் இரண்டாகப் பிரிந்து, கால் நீட்டிய ஆள்போலத் தெரிவதால் வந்த பெயர். கொரியர்களுக்கு இது இன்சம். தாவரவியல் பெயர் பனாக்ஸ் ஜின்செங். 'எல்லாம் தீர்ப்பது' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பனாக்ஸ் பிறந்தது. சீனாவின் மிகப் பழைய மருந்து நூலான ஷென்னோங் மூலிகை நூல் இதை மேல்தர மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது. வடகிழக்குச் சீனாவின் சாங்பாய் மலைத்தொடரும் கொரியத் தீபகற்பமும் ரஷ்யாவின் தூரக் கிழக்குக் காடுகளும் இதன் தாய்மண்.

சாங்பாய் மலையில் காட்டு ஜின்செங் தேடுகிறவர்கள் செடியைக் கண்டதும் உரக்கக் கூவி, தண்டில் சிவப்புக் கயிறு கட்டிவிடுவார்கள். வேர் ஓடிவிடக் கூடாதாம். பிறகு மான் எலும்பில் செய்த ஊசியால் மண்ணைத் துகள் துகளாக விலக்கி, ஒரு சல்லிவேர்கூட அறாமல் எடுப்பார்கள். வேரின் கழுத்தில் ஆண்டுக்கு ஒன்றாகத் தண்டு உதிர்ந்த தழும்பு விழும். அதை எண்ணி வயதைச் சொல்வார்கள். இன்று காட்டு வேர் ஏலப் பொருள். நீங்களும் நானும் வாங்குவது தோட்டத்து வேர். நிழற்பந்தலின் கீழ் நான்கு முதல் ஆறு ஆண்டு வளர்க்கப்படுவது. ஒருமுறை ஜின்செங் எடுத்த நிலத்தில் பல ஆண்டுகளுக்கு மறுபடி ஜின்செங் வராது. வைத்தால் வேர் அழுகும். இவ்வளவு காலமும் நிலமும் தின்னும் பயிர் என்பதால்தான் நல்ல வேர் ஒருபோதும் மலிவாக வராது. மிக மலிவாக விற்கப்பட்டால் வேறு எதுவோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தோண்டிய பச்சை வேரில் முக்கால் பங்கு தண்ணீர். அப்படியே வைத்தால் கெட்டுவிடும். வெயிலில் காயவைத்தால் அது வெள்ளை ஜின்செங். நூறு டிகிரியை ஒட்டிய நீராவியில் சில மணி நேரம் அவித்துப் பிறகு காயவைத்தால் அது சிவப்பு ஜின்செங். ஒரே செடி, ஒரே வேர். அவிப்பதில்தான் எல்லாம் மாறுகிறது. நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குகிறோமே, ஏறக்குறைய அதே வேலை. அவித்த வேர் கெட்டியாகி, அரக்குபோல ஒளி ஊடுருவும் பழுப்பாக மாறிவிடும். பூச்சியும் எளிதில் அண்டாது, ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

மாற்றம் நிறத்தோடு நிற்பதில்லை. ஜின்செங்கின் செயலுக்குக் காரணமாகக் கருதப்படும் பொருள்கள் ஜின்செனோசைடுகள். ஆர்பி1, ஆர்ஜி1 என்று பல வகை உண்டு. நீராவிச் சூட்டில் இவற்றில் சில உடைந்து, பச்சை வேரில் அநேகமாக இல்லாத ஆர்ஜி3 போன்ற புதிய வகைகள் உருவாகின்றன. எனவே சிவப்பு என்பது வெள்ளையின் 'உயர்தரம்' அல்ல. தனித் தன்மை கொண்ட இன்னொரு சரக்கு.

சிவப்பு ஜின்செங்கைக் கொரியாவில் தரம் பிரிப்பார்கள்: வானத்தரம், பூமித்தரம், அதற்கடுத்து நல்ல தரம். பெட்டியில் இந்தப் பெயர்களைப் பார்த்ததும் மருந்துச் சத்து கூடுதல் என்று தோன்றும். ஆனால் பார்க்கப்படுவது பெரும்பாலும் வேரின் உருவ அழகும், உள்ளே பொந்தும் வெண்திட்டும் இல்லாத கெட்டித்தன்மையும்தான். எடைக்கு எடை பார்த்தால் தடித்த நடுவேரைவிட மெல்லிய சல்லிவேர்களில்தான் ஜின்செனோசைடு அதிகம். அந்தச் சல்லிவேர்களோ அதே கடையில் விலை குறைந்த பொட்டலத்தில் மூலையில் கிடக்கும். பெரியவர் ஒருவருக்கு மரியாதையாகக் கொடுக்க வேண்டுமென்றால் முழு வேரை வாங்குங்கள். அதற்கு ஓர் அழகு உண்டு. குடிப்பதற்கென்றால் சல்லிவேரே போதும்.

சூடும் குளிர்ச்சியும்

சீன மருத்துவம் பேசும் மொழி தமிழருக்கு அவ்வளவு அந்நியமில்லை. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று பேசி வளர்ந்தவர்கள்தானே நாம். அவர்கள் கணக்கில் ரென் ஷென் இலேசான சூடு. உடலின் சக்தி, அவர்கள் சொல்லும் 'சீ', குறைந்து தளர்ந்தவருக்கு அதைத் தூக்கிவிடும். அவித்த சிவப்பு இன்னும் சூடு. கைகால் சில்லிட்டு, முகம் வெளிறி, குரல் தேய்ந்து, பசியில்லாமல் இருப்பவருக்கு அது பொருந்தும். காய்ச்சல் இருக்கும்போதோ, உள்ளங்கை எரிந்து வாய் உலர்ந்து தூக்கம் கெடுகிறவருக்கோ அது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

அம்மாவின் சங்கதி அங்கேதான் தவறியது. காய்ச்சல் உடலின் ஈரத்தை வற்றவைத்துவிட்டுப் போயிருந்தது என்றார் மருத்துவர். அந்த உடம்பில், அதுவும் இரவில், மேலும் சூட்டை ஏற்றினோம்.

இந்தச் சூடு குளிர்ச்சியை வெப்பமானியால் அளக்க முடியாது. அதை வேதியியலாக மொழிபெயர்த்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் நான் தயங்குவேன். என்றாலும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. ரென் ஷென் என்ற ஆசிய வேரில் ஆர்ஜி1 கணிசமாக இருக்கும்; அதே பனாக்ஸ் பேரினத்து உறவான அமெரிக்க வேரில் அது மிகக் குறைவு, ஆர்பி1 ஓங்கியிருக்கும். விலங்குகளில் செய்த சோதனைகளில் ஆர்ஜி1 நரம்பைத் தூண்டும் பக்கமும், ஆர்பி1 அமைதிப்படுத்தும் பக்கமும் சாய்கின்றன. கிழவர்கள் நாக்கிலும் நாடியிலும் கண்டறிந்த வேறுபாடு வெறும் கற்பனை இல்லை என்று எண்ண இது இடம் கொடுக்கிறது.

கடல் கடந்து வந்த குளிர்ந்த வேர்

அமெரிக்க ஜின்செங்கின் கதையை ஒரு கடிதத்திலிருந்து தொடங்க வேண்டும். சீனப் பேரரசருக்காக நிலப்படம் வரைந்துகொண்டிருந்த பியேர் ஜார்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், கொரிய எல்லைக்கு அருகே ஜின்செங் செடியைப் பார்த்து, அதன் தோற்றத்தையும் அது வளரும் காட்டையும் விவரித்து 1711இல் ஊருக்கு எழுதினார். உலகில் வேறெங்காவது இது இருக்குமென்றால் கனடாவில் இருக்கலாம் என்றும் ஊகித்தார். அந்தக் கடிதத்தைப் படித்த இன்னொரு பாதிரியார், ஜோசப் பிரான்சுவா லஃபிதோ, மான்ட்ரியலுக்கு அருகே மோஹாக் பழங்குடி மக்களிடையே வாழ்ந்தவர். 1716இல் அங்கேயே செடியைக் கண்டுபிடித்தார். மோஹாக் மக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த மருந்துச் செடிதான்.

கனடாவிலிருந்து சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு வேர் மூட்டை மூட்டையாகப் போனது. பேராசை வந்தது. பருவம் பாராமல் பச்சையாகத் தோண்டி, நிழலில் மெல்லக் காயவைக்க வேண்டியதை அடுப்பில் அவசரமாக வாட்டி அனுப்பினார்கள். சீன வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். 1750களில் அந்த வணிகமே படுத்துவிட்டது. காயவைக்கும் முறைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்ட இதைவிட விலையுயர்ந்த பாடம் கிடையாது. பின்னாளில், 1784இல், புதிதாய்ப் பிறந்த அமெரிக்கா சீனாவுக்கு அனுப்பிய முதல் வணிகக் கப்பலான 'எம்பிரஸ் ஆஃப் சைனா'வின் முக்கியச் சரக்கும் இதே வேர்தான். ஏறத்தாழ 30 டன்.

சீனர்கள் இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று சீ யாங் ஷென், மேற்குக் கடலின் ஷென். இன்னொன்று ஹுவா சீ ஷென், 'பூக்கொடி ஷென்'. அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் கோடுகளும் அவர்கள் கண்ணுக்குப் பூவாகத் தெரிந்திருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் பாவ் ஷென் என்றும் கேட்கலாம். இன்று உலகச் சந்தையில் இது பெரும்பாலும் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்தும் அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்தும் வருகிறது. சீனாவிலும் பயிரிடுகிறார்கள். அமெரிக்கக் காட்டு வேர், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. கடைக்காரர் 'காட்டு வேர்' என்று தணிந்த குரலில் சொல்லி விலையை ஏற்றினால் வாங்காதீர்கள். உண்மையென்றால் ஒரு காடு வறுமைப்படுகிறது, பொய்யென்றால் நீங்கள்.

இது குளிர்ச்சியான வேர். இளைத்த உடம்பில் ஈரத்தைச் சேர்த்து, வறண்ட தொண்டையை ஆற்றும் என்பது சீன மருத்துவத்தின் பார்வை. சிங்கப்பூர் வெயிலில் ஆண்டெல்லாம் வியர்க்கிறவர்களுக்கு இது விருப்பமான வேராக இருப்பதில் வியப்பில்லை. தமிழகத்து வெப்பத்தில் இருப்பவர் முதன்முதலாக ஜின்செங் தொடுகிறார் என்றால், நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மருத்துவ ஆய்வுப் பக்கமும் அமெரிக்க வேருக்கு ஓரளவு பலம் உண்டு. புற்றுநோயால் வரும் கடும் களைப்பில், 364 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. விஸ்கான்சின் வேர்த்தூளை நாளொன்றுக்கு 2 கிராம் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எட்டாவது வாரத்தில், மருந்தில்லாத போலிக் குளிகை எடுத்தவர்களைவிடக் களைப்பு குறைந்திருந்தது. இரண்டு நாளில் துள்ளி எழுவோம் என்று எதிர்பார்க்கிறவர்கள் அந்த எட்டு வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை விஷயத்தில் டொரன்டோ ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டது இன்னும் சுவையானது. 3 கிராம் அமெரிக்க ஜின்செங் எடுத்தவர்களுக்கு, குளுக்கோஸ் குடித்த பின் ரத்தச் சர்க்கரை ஏறும் அளவு குறைந்தது. ஆனால் அதே குழுவினர் வேறொரு மூட்டையிலிருந்து எடுத்த வேரைக் கொடுத்தபோது எந்தப் பலனும் இல்லை. அந்த மூட்டையில் ஜின்செனோசைடுகள் குறைவாக இருந்தன. ஒரே இனம், ஒரே பெயர், ஒரே அளவு. மூட்டை மாறினால் மருந்து மாறுகிறது. இந்த ஒரு முடிவை அறிந்த பிறகு, பெட்டி மேல் எழுதியிருப்பதை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

ஏழையின் ஜின்செங் என்று சொல்லாதீர்கள்

மூன்றாவது வேர் தாங் ஷென். இது ஜின்செங் குடும்பமே அல்ல. நீல மணிப்பூக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி, ஜின்செனோசைடு கிடையாது. ஷான்ஷி மாநிலத்து ஷாங்தாங் வட்டாரம் பழங்காலத்தில் ஜின்செங்குக்குப் பெயர்போனது. தோண்டித் தோண்டி அங்கே ஜின்செங் அற்றுப்போனது. அந்த இடத்தின் பெயரைச் சுமந்துகொண்டு இந்தக் கொடிவேர் அதன் இடத்துக்கு வந்தது.

வேலை இதுவும் சக்தி ஏற்றுவதுதான், ஆனால் மென்மையாக. ஜின்செங்கைவிட மிக மலிவு, சுவை இனிப்பு. சீன அரசின் மருந்துத் தரநூல் ரென் ஷென் 3 முதல் 9 கிராம் என்றும், அமெரிக்க வேர் 3 முதல் 6 கிராம் என்றும், தாங் ஷென் 9 முதல் 30 கிராம் என்றும் அளவு சொல்கிறது. அளவைப் பார்த்தாலே தாங் ஷென் எவ்வளவு மென்மை என்று புரியும். சீன வீடுகளில் கோழிச் சாற்றில், சிவப்புப் பேரீச்சை போன்ற இலந்தை வற்றலோடும் கோஜிப் பழத்தோடும் போடுவது பெரும்பாலும் இதைத்தான். நம் வீட்டு ரசத்தில் மிளகு போடுவதுபோல அவர்களுக்கு அது இயல்பு. ஏதோ ஒரு சோர்வு, சமையலில் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஜின்செங்கே தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு தாங் ஷென் துண்டுகள் போதும். வாங்கும்போது மட்டும் பளிச்சென்று வெளுத்து, புளித்த வாசனையோடு இருப்பதை ஒதுக்குங்கள். கந்தகப் புகை போட்டிருப்பார்கள். நல்ல தாங் ஷென் வளைத்தால் வளையும், பழுப்பு மஞ்சளாக இருக்கும், மென்றால் சக்கை கொஞ்சமாகவே மிஞ்சும்.

நான்காவதாக அலமாரியில் இருந்தது தியன் சீ, யுனான் மாநிலத்து வென்ஷானில் விளைவது. பனாக்ஸ் பேரினம்தான். ஆனால் ரத்தக்கசிவை நிறுத்தவும் அடிபட்ட வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் மருந்து. பலம் ஏற வாங்குகிற வேர் இதுவல்ல. மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

பெயரில் மட்டும் ஜின்செங் உள்ளவையும் உண்டு. 'சைபீரிய ஜின்செங்' என்பது வேறு பேரினத்து முட்புதர். சோவியத் ஆய்வாளர்களால் புகழ்பெற்றது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பனாக்ஸ் அல்லாத எதையும் ஜின்செங் என்று பெயரிட்டு விற்க முடியாது. 'இந்திய ஜின்செங்' என்று பெட்டியில் போடுவது நம் சித்த மருத்துவத்து அமுக்கராக் கிழங்கைத்தான். கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி அது. அதற்குத் தனி மரபும் தனிக் குணமும் தனி எச்சரிக்கைகளும் இருக்கின்றன. இரவல் பெயர் அதற்குத் தேவையில்லை. ஜின்செங் வாங்குகிறோம் என்று நினைத்து அதை வாங்கவும் கூடாது.

வில்லையா, சாறா, மாத்திரையா

வேரைத் தேர்ந்த பிறகும் பாதி முடிவு பாக்கி இருக்கிறது.

அந்தக் கடையில் மருத்துவர் ஓர் அமெரிக்க வேரை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். மேல்தோலில் நெருக்கமான குறுக்கு வளையங்கள், மண்புழுவின் உடம்பில் இருப்பதுபோல. ஒடித்த முகம் மஞ்சள் கலந்த வெண்மை. ஓரத்தை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் மெல்லிய வளையம். மெல்லச் சொன்னார். முதலில் கசந்தது. முகம் சுளிக்குமுன் அந்தக் கசப்புக்குள்ளிருந்து இனிப்பு கிளம்பி, கடையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறும்வரை தொண்டையில் நின்றது. இந்தப் பின்னினிப்பு இல்லாத வேரை வாங்காதே என்றார். பிறகு கைப்பிடி வைத்த சிறு வெட்டுக்கத்தியில் வேரை வில்லைகளாக நறுக்கி, நூலில் தொங்கும் தட்டுள்ள கைத்தராசில் நிறுத்து, வெள்ளைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

வில்லையின் பெரிய நன்மை இதுதான். கண்ணால் பார்க்கலாம், மென்று பார்க்கலாம், அளவைக் கூட்டிக் குறைக்கலாம். மூடியுள்ள பீங்கான் கோப்பையில் ஐந்தாறு வில்லை போட்டுக் கொதிநீர் ஊற்றி இருபது நிமிடம் வைத்தால் ஒரு வேளைக்கு ஆயிற்று. அதே வில்லையில் இன்னும் இருமுறை நீர் ஊற்றி, கடைசியில் வில்லையையும் மென்றுவிடலாம். இரும்புப் பாத்திரம் கூடாது என்பார்கள். முள்ளங்கியோடு சேர்க்கக் கூடாது, எடுத்த வேலையைக் கெடுத்துவிடும் என்பார்கள். அம்மா சாம்பாரில் முள்ளங்கியை விட்டுவிட்டார்.

கெட்டிச்சாறு என்பது வேரைப் பலமுறை காய்ச்சி வடித்து, அந்த நீரை வற்றவைத்து எடுப்பது. வசதியானது. ஆனால் செறிவு அதிகம். ஒரு கரண்டியின் பின்னால் எத்தனை கிராம் வேர் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆன்ட்டியின் கரண்டியும் எங்கள் கரண்டியும் ஒரே அளவு இல்லை என்பதையே நாங்கள் பிறகுதான் கவனித்தோம். பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கரண்டியை அம்மா எங்கோ ஓரமாகப் போட்டுவிட்டு, காப்பிக் கரண்டியால் அளந்திருக்கிறார். சாறு வாங்குகிறவர் அந்தக் கரண்டியைப் பத்திரப்படுத்துங்கள். தேனும் சர்க்கரைப்பாகும் பழச்சாறும் கலந்து, ஜின்செங் பெயருக்கு மட்டும் இருக்கும் பைகளும் விற்பனையில் உண்டு. சேர்மானப் பட்டியலில் ஜின்செங் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

மாத்திரையிலும் குளிகையிலும் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கின்றன. முறையாகச் செய்யப்பட்டால் அளவு துல்லியம். மேற்கத்திய ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட ஒரு சாற்றில் ஜின்செனோசைடு 4 சதவீதம் என்று நிலைப்படுத்தியிருக்கிறார்கள். நாளுக்கு 200 மில்லிகிராம் என்பது பல ஆய்வுகளில் கொடுத்த அளவு. முறையாகச் செய்யப்படாவிட்டால் எதுவும் துல்லியமில்லை. அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 25 ஜின்செங் சரக்குகளைச் சோதித்து 2001இல் வெளியான ஆய்வில், ஜின்செனோசைடின் அளவு குளிகைக்குக் குளிகை 15 மடங்கும், நீர்ம மருந்துகளில் 36 மடங்கும் வேறுபட்டது. எனவே ஒரு விதி: வேரின் தாவரவியல் பெயரும், ஒரு குளிகையில் ஜின்செனோசைடு எத்தனை மில்லிகிராம் என்பதும் எழுதப்படாத மாத்திரையை நான் வாங்க மாட்டேன். 'சாறு 500 மில்லிகிராம்' என்று மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் ஆயத்தமாக விற்கும் சீன மருந்துகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அதைப் பார்த்து வாங்குவது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

யார் எதையுமே வாங்கக் கூடாது

இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் ஜின்செங் பக்கம் போகவே வேண்டாம். ஆரோக்கியமான 20 பேருக்கு வார்ஃபரினோடு அமெரிக்க ஜின்செங் கொடுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கியது. அதாவது மருந்தின் வேலை குறைந்தது. செயற்கை வால்வு பொருத்தியவருக்கு அது விளையாட்டில்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை எதிர்பாராமல் தாழலாம். மனச்சோர்வுக்குச் சில பழைய வகை மருந்துகள் எடுப்போருக்குத் தலைவலியும் படபடப்பும் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் குறைந்தது ஏழு நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'அது வெறும் மூலிகைதானே' என்று வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஜின்செங் கலந்த கோழிச் சாறு வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை இங்கே நிறையப் பார்க்கிறேன். நலமாக இருப்பவரின் நினைவாற்றலையும் அறிவுத்திறனையும் ஜின்செங் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழுவின் 2010ஆம் ஆண்டு முடிவு. அந்தப் பணத்துக்கு முட்டையும் பழமும் வாங்கலாம். பிள்ளையை ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வைக்கலாம்.

எவ்வளவு நாளைக்கு என்பதும் முடிவின் ஒரு பகுதி. ஐரோப்பிய மருந்து முகமை களைப்புக்கும் பலவீனத்துக்கும் ஜின்செங்கை மரபு மருந்தாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்கிறது. களைப்பு பல வாரம் நீடித்தால், வேர் தேடுவதற்கு முன் ரத்தசோகையும் தைராய்டும் சர்க்கரையும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கும் அமெரிக்க வேரைத் தொடங்குமுன் அதைத்தான் செய்தோம். குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, ரத்த அழுத்த மாத்திரையை மாற்றாமல், குறைந்த அளவில் அமெரிக்க வேர் எடுக்கலாம், அழுத்தத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள் என்றார்.

ஆகவே என் தேர்வு இப்படி. பெரிய நோய் ஏதுமில்லை, சமையலில் கொஞ்சம் பலம் சேர்க்க வேண்டும் என்றால் தாங் ஷென். காய்ச்சலுக்குப் பிந்திய களைப்பு, வறண்ட வாய், கெட்ட தூக்கம், வெயில் ஊர் என்றால் அமெரிக்க வேரின் வில்லை, அல்லது அதன் சல்லிவேர். குளிரில் நடுங்கும், வெளிறிய, பசியற்ற முதியவருக்குச் சிவப்பு. காலையில் மட்டும், சிறு கரண்டியில், சில வாரம். சிவப்பு அதிகம் என்று தோன்றினால் நடுவில் வெள்ளை இருக்கிறது. பயணத்திலும் வேலையிலும் கொதிநீருக்கு வழியில்லாதவர்க்கு அளவு எழுதிய குளிகை.

அம்மா காலை ஒன்பது மணிக்கு மூடிக்கோப்பையில் ஆறு வில்லை போட்டு வைக்கிறார். இரண்டாம் மாதத்தின் நடுவில் ஒரு நாள், சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நிற்காமல் திரும்பி வந்தார். வேர் செய்ததா, நாள் செய்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தச் சிவப்புச் சாற்றுப் பாட்டிலை, குட்டிக் கரண்டியைத் தேடி எடுத்து அதோடு சேர்த்து, ஆன்ட்டியிடமே கொடுத்துவிட்டோம். அவருக்கு எழுபத்திரண்டு வயது, நடுப்பகலிலும் கம்பளிச் சட்டை போடுகிறவர். தினமும் காலையில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்கிறார். இரவு ஒன்பதரைக்கெல்லாம் அவர் வீட்டு விளக்கு அணைந்துவிடுகிறது.